மினுங்குற டிராகன்

“‘இந்தக் குப்பைய வாங்கக் காசைக் கொட்டுறியே, உனக்கு அறிவிருக்கா? யாருக்காவது குடுத்துத் தொலை!’ நீங்கதானேம்மா சொன்னீங்க? குடுத்துத் தொலைச்சிட்டேன். இப்ப வந்து எங்கேன்னு கேட்டா?”

தனுஜா சொல் பிசகாமல் ஒப்பித்தாள். ஜீவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அது போன மாசம்டி!”

போன மாதம் அவை குப்பைதான். நெருப்பைக் கக்குகிற மிருகம், சிறகு முளைத்த பாம்பு என்று என்னென்னவோ படம் போட்ட கார்டுகள். பாக்கெட்டைப் பிரித்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். கேட்ட படம் வருகிறவரைக்கும் பிள்ளைகள் அப்பன் காசைக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

இன்று காலையில், ஹட்டன் டவுனில் போன் கடை வைத்திருக்கும் இன்சாப், இவள் தன் போனுக்குக் காசு ரீலோட் போடப் போன இடத்தில் வாயை விட்டான்.

“ஒங்க மகள்கிட்ட மினுங்குற டிராகன் கார்டு ஒன்னு இருக்கே அக்கா, கொழும்புல ஒரு ஆள் அதுக்கு முப்பதாயிரம் தாறேங்கிறார். ஆனா கீறல், பசை ஒன்னும் பட்டிருக்கக் கூடாது. பாக்கெட்ட இப்பத்தான் ஒடைச்ச மாதிரியே இருக்கணும்.”

துணி காயாத ஊரில், வாஷிங் மெசின் வாங்கித் தருகிறேன் என்று வருடக்கணக்கில் வாயால் பந்தல் போடுகிற புருஷன் ஜீவராணிக்கு. வீட்டுக்கு வருவதற்குள் அந்த மெசினுக்குக் குசினியில் இடமே பார்த்துவிட்டாள்.

“யாருக்குடி குடுத்தே?”

“டிலுக்ஷிக்கு. மத்தவளுங்க எவளும் விளையாட மாட்டாளுங்கம்மா. ஆல்பத்துல சொருகி வச்சிக்கிட்டு, உன்னது எவ்வளவு, என்னது எவ்வளவுன்னு வெலைதான் பேசுவாளுங்க. டிலுக்ஷி மட்டுந்தான் ‘இத வச்சி எப்புடி விளையாடுறது’ன்னு கேட்டா.”

டிலுக்ஷி, கீழே எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் பூரணியின் மகள். பூரணி தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள்.

கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்பது கௌரவக் குறைச்சல். களவு போன சாமானைக் கேட்கலாம். கான்வென்டில் படித்த ஜீவராணிக்கு இந்த வித்தியாசம் தெரியாதா?

“குடையை எடு. அங்கே வந்து நீ வாயைத் திறக்கப்படாது.”

லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் டிலுக்ஷியும் பக்கத்துப் பிள்ளைகளும் நிலத்தில் கார்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு. அப்போதுதான் மலையிலிருந்து வந்த பூரணி, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

“பூரணி, உன் மகள் எங்க வீட்டுக் கார்டைக் களவெடுத்திருக்கா.”

சிரிப்பு நின்றது.

“எம் புள்ளையாம்மா?”

“பின்னே? நீ வாங்கிக் குடுத்தியா?”

தனுஜா ஏதோ சொல்ல வந்தாள். ஜீவராணி அவள் கையைப் பிடித்து ஒரு நெரி நெரித்தாள்.

“விளையாடத் தந்தான்னு சொன்னியேடி?” பூரணி மகள் பக்கம் திரும்பினாள்.

“ஆமாம்மா, தனுஜாதான்...”

பளார் என்று விழுந்தது.

“ஒழைச்சித் திங்கிற குடும்பம்டி இது! நாளைக்கி லயமே கைகொட்டிச் சிரிக்குமே, பூரணி மக களவாணின்னு!”

நிலத்தில் கிடந்த அத்தனை கார்டையும் ஒரே அள்ளாக அள்ளி அடுப்பில் போட்டாள்.

“ஐயோ, டிராகன்!” ஜீவராணி அடுப்புக்குள் கையை விடப் போனாள்.

“பதறாதீங்கம்மா. எரியிறது இதுங்க பிஸ்கட் பெட்டி அட்டைய வெட்டி, கலர் பென்சில்ல வரைஞ்சது. ஒங்க கார்ட இவ எங்க விளையாட விட்டா? பாத்து வரைஞ்சிக்கிட்டு, அழுக்காயிரும்னு அன்னைக்கே எங்கிட்டத் தந்து வைக்கச் சொல்லிட்டா.”

பூரணி கையைத் துடைத்துக்கொண்டு, மாரியம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

“கூரை ஒழுகுதும்மா. அடுத்த வீட்டுப் புள்ள சாமான் நனஞ்சிரக் கூடாதில்ல? அதான் டவுனுக்குக் கொண்டு போயி, ஐடென்டி கார்டுக்கும் பொறப்புச் சர்ட்டிபிகேட்டுக்கும் போடுவாங்களே, அந்த மாதிரி ஒவ்வொன்னுக்கும் தடிப்பா லேமினேட் போட்டு வச்சேன். ஒரு நாள் பேருக் கூலி போச்சி, போவட்டும். இனி ஆயுசுக்கும் ஒன்னும் ஆவாதும்மா.”

ஜீவராணி பொட்டலத்தைப் பிரித்தாள். கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள், பசையோடு பசையாக ஒட்டிக்கொண்டு, டிராகன் மினுங்கியது. கொழும்புக்காரனுக்கு இனி அது காற்காசு பெறாது.

தனுஜாவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “நாந்தான் ஆன்ட்டி குடுத்தேன்! அம்மாதான் யாருக்காவது குடுக்கச் சொன்னாங்க. டிலுக்ஷி எடுக்கல்ல!”

பூரணி அவளைப் பார்த்தாள். ஜீவராணியைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

டிலுக்ஷி மூலையில் நின்றாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அழவில்லை. அடுப்பில் சுருண்டு கருகுகிற அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவிப் போய்விட்டார்கள்.

“டிலுக்ஷி...” தனுஜா கிட்டப் போனாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அம்மா,” பூரணி ஜீவராணி பக்கம் திரும்பினாள். “ஏசின வாயும் அடிச்ச கையும் என்னது. நாஞ் சொன்னா அவளுக்கு ஏறாது. எம் புள்ள களவெடுக்கலன்னு ஒங்க வாயால அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா.”

ஜீவராணி நகத்தால் பிளாஸ்டிக்கின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.