அவளுக்கு ஏற்ற இடம்

“மலை வேணாம். குளிர் அவளுக்கு ஆகாது” என்றாள் மனைவி.

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? மூன்று வாரமாகப் பேச்சை எடுத்தாலே “எதுவும் வேணாம், விடுங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள், இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானாகவே சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, “மேப்பை விரிங்க” என்றதே பெரிது. நாளைக் காலை பத்து மணிக்குள் எதுவென்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். பிறகு யார் காலில் விழுந்தாலும் மாற்ற முடியாது.

வரைபடம் மேஜையை நிறைத்துக்கொண்டு கிடந்தது. நான்கு மூலையிலும் சர்க்கரை டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு, இரண்டு டம்ளர். மின்விசிறிக் காற்றில் தாள் மெல்ல உப்பித் தணிந்தது, தூங்குகிற பிள்ளையின் வயிறுபோல. சின்ன அறையின் கதவு சாத்தியிருந்தது. இருவரும் தணிந்த குரலிலேயே பேசினார்கள்.

“அவசரப்பட வேணாம்” என்றார். “மனசுக்குப் பிடிச்சாத்தான்.”

“எங்கப்பா அவசரப்பட்டாரே.”

அந்தக் கதை அவருக்கு மனப்பாடம். ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டிருந்த மாமனார், காதில் இனிமையாக விழுந்த ஓர் ஊரின் பெயரைத் தூக்கிப் பெண்ணுக்கு வைத்துவிட்டார். இருபது வயதில் அவள் ஆசையாசையாக அந்த ஊரைப் பார்க்கப் போனாள். ஒரு பஸ் ஸ்டாண்டு, பூட்டிய டிக்கெட் கவுண்டர், காலி டின்கள் அடுக்கிய ஒரு கொட்டகை. அவ்வளவுதான் ஊர்.

“எனக்கும் அந்த ஊருக்கும் ஒட்டே இல்லை. இவளுக்கும் அப்படி ஆயிடக் கூடாது.”

அவரும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர் தன் இரண்டு பெண்களுக்கும் இரண்டு ஆறுகளின் பெயரை வைத்திருக்கிறார். வரைபடத்தில் அந்த ஆறுகள் ஒன்றாகக் கலக்கின்றன. வீட்டில் அக்காளும் தங்கையும் பேசி ஆறு மாதமாகிறது. மாடி வீட்டுப் பையனுக்கு உலகமே சுற்றிப் பார்க்கத் துடிக்கும் நகரத்தின் பெயர். அவனோ முனைக் கடைக்குப் போகச் சொன்னால்கூட வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வான்.

அவள் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அவர் தலையை நிமிர்த்தவில்லை. பார்த்தால் எங்கே கலைந்துவிடுமோ என்று பயம்.

விரலால் ஓர் ஆற்றின் நீலக்கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

“ஆறு நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். எனக்கு அவ ஒரே இடத்துல இருக்கணும்” என்றாள்.

தீவைக் காட்டினார். நாலு பக்கமும் தண்ணீராக இருந்தால் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்றாள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த முனையைக் காட்டியதும் கோபமே வந்துவிட்டது.

“அந்தக் காத்துல கொண்டுபோய்ப் பிள்ளையை நிறுத்துவீங்களா?”

ஜன்னல் வெயில் தாளின் மேல் நகர்ந்து, காட்டுப் பச்சையைத் தாண்டி, அவரைவிதை அளவு நீலம் ஒன்றின் மேல் வந்து நின்றது. அவள் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள்.

“இது என்ன?”

“ஏரி. சின்னது.”

“ஆழமா?”

“முழங்கால் அளவுதான். அளந்தவங்க குறிச்சிருக்காங்க.”

“அப்ப பயமில்லை.” கண்ணாடியை விலக்காமலே பேசினாள், போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்போல. மூன்று பக்கம் காடு என்பதால் காற்று அடங்கித்தான் வரும். காலையில் தண்ணீர்மேல் புகைபோலப் பனி நிற்கும். வாத்துகள் இறங்கும்போது மட்டும் சத்தம் கேட்கும், அப்புறம் அடங்கிவிடும். கரையோரக் கற்கள் உருண்டையாக, கைக்குள் அடங்குகிற மாதிரி இருக்கும்.

“ஆளுங்க வருவாங்களா?” என்றாள் திடீரென்று.

“இந்தப் புள்ளிக்கோடு ஒத்தையடிப் பாதைதான். ஏரிக்கரை வரைக்கும் போகுது. மீன் பிடிக்க வருவாங்க, வாத்து பார்க்க வருவாங்க.”

“பேசிக்கிட்டே வருவாங்க, இல்ல?”

“ரெண்டு பேர் சேர்ந்தா பேசாமயா வருவாங்க?”

அவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

“இதுதாங்க. இது அவளுக்குப் பொருந்தும்.”

அவர் மெல்லிய முனைப் பேனாவை மசியில் தோய்த்தார். வரைபடத்தின் புதுத் தாளை வரைந்து முடித்தவர் அதில் பெயரில்லாமல் கிடக்கும் ஓர் இடத்துக்குத் தானே பெயர் வைக்கலாம் என்பது அவர்கள் ஆபீஸ் வழக்கம். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்ட மகளின் பெயரை, அந்த ஏரியின் ஓரமாக எழுதி முடித்தார்.

மசி காயும்வரை பார்த்திருந்துவிட்டு அவள் சொன்னாள்: “நம்ம எதிர்ல யாரும் அவ பேரை எடுக்கிறதே இல்லை. இனிமே அங்க போறவங்க, அவ பேரைச் சொல்லித்தானே வழி கேட்கணும்.”