மூன்றாம் மாடி முக்காலி

“வாங்கோ மேடம்” என்றாள் மகள்.

தாய் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவரும் இல்லை.

மேடம் அவள்தான்.

பெற்றவளைப் பார்த்து இதென்ன மேடம் என்று கேட்க வாயெடுத்தாள். மகளின் கண் தூணடிக்குப் போய் மீண்டது. அங்கே கழுத்துப்பட்டி கட்டிய மேற்பார்வையாளன் ஒருவன், கைகளைப் பின்னால் கோத்தபடி நின்றான். வேலை நேரத்தில் வீட்டு ஆட்களோடு கதைக்கக் கூடாது என்று மகள் எப்போதோ தொலைபேசியில் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

அனலைதீவிலிருந்து விடியற்காலைப் படகு. ஊர்காவற்றுறையில் இறங்கிப் பஸ். பிறகு யாழ்ப்பாண நகரத்தின் நடுவே இந்த நாலு மாடிக் கடைத்தொகுதி. வாசலில் பையைப் பிரிக்கச் சொன்னார்கள். பிள்ளைக்கென்று பொரித்து வந்த மீனை, ஏதோ வெடிபொருளைப் போல இரண்டு விரலால் தூக்கி ஒரு பக்கம் வைத்தார்கள். நகரும் படியில் கால் வைக்கப் பயந்து, ஓரத்துப் படியால் மூன்றாம் மாடிச் சப்பாத்துக் கடைக்கு மூச்சு வாங்க ஏறி வந்திருந்தாள்.

நாலு மாதமாகக் காணாத பிள்ளை.

முகத்தைப் பார்த்தாள். மெலிந்திருந்தது. உதட்டில் சாயம். சரி, போகட்டும்.

காலைப் பார்த்தாள்.

கறுப்புச் சப்பாத்தின் விளிம்புக்கு மேலே சதை பிதுங்கி நின்றது. கணுக்கால் என்று ஒன்றைக் காணவே இல்லை.

“இதென்ன பிள்ளை, கால்?”

மகள் சிரித்த முகம் மாறாமல், உதடு அசையாமல் சொன்னாள்.

“காலமை ஒன்பதிலயிருந்து ராவு எட்டு மட்டும் நிக்கிறது தானே அம்மா. இருக்க விடமாட்டினம்.”

அவளுக்கு உச்சி கொதித்தது.

சந்தையில் மீன் விற்கிறவளுக்கும் குந்த ஒரு பலகைக்கட்டை உண்டு. பாரம் இழுத்த மாட்டையும் அவிழ்த்துப் படுக்க விடுவார்கள். இத்தனை வெளிச்சமும் இத்தனை குளிரும் உள்ள மாளிகையில், ஒரு பெண்பிள்ளை உட்கார முழ இடம் இல்லையாம்.

சுற்றிப் பார்த்தாள். மெத்தை வைத்த இருக்கைகள் வரிசையாகக் கிடந்தன. வாங்க வருகிறவர்களுக்கு.

அவற்றில் ஒன்றில், புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பொம்மை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

பொம்மைக்குக் கால் நோகும் போல.

தூணடியில் நிற்பவனை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனாள். ஓரடி வைத்தும் விட்டாள். மகளின் கை, வெளியே தெரியாமல், அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தது.

“வேண்டாம் அம்மா. கேள்வி கேட்டதுக்கே போன கிழமை ஒருத்தியை வேலையால நிப்பாட்டிப் போட்டினம்.”

அவன் அசைந்தான். இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

“என்ன அங்க? மேடத்துக்கு என்ன வேணுமாம்?”

“சப்பாத்துப் பாக்கோணுமாம் சேர்.”

சொன்ன கையோடு மகள் அவளை மெத்தையில் இருத்தினாள். அடியிலிருந்து உயரம் குறைந்த முக்காலி ஒன்றை இழுத்தாள். இழுத்து, தானும் எதிரே அமர்ந்தாள்.

அமர்ந்தாள்.

அவன் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். வந்த வழியே தூணடிக்குப் போனான். வாங்க வந்தவள் கால் நீட்டினால், போட்டுவிடுகிறவள் உட்காரலாம். அதற்கு மட்டும் இங்கே அனுமதி.

மகளின் தோள் இறங்கியது. எத்தனை மணி நேர மூச்சோ, அது ஒன்றாக வெளியே வந்தது.

அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது.

வாழ்நாளில் சப்பாத்துக் காணாத கால். உப்புத் தண்ணீரிலும் சுடுமணலிலும் வெடித்த கால். அதை நீட்டினாள். பிள்ளை அதை எடுத்து மடியில் வைத்தபோது உடம்பு கூசியது.

கூசட்டும்.

கீழ்த் தட்டின் இடது மூலையிலிருந்து தொடங்கினாள். சிவப்பு, விரல் நெரிந்தது. மண்ணிறம், குதி உயரம். பூ வைத்தது, பூ வேண்டாம். பூ இல்லாதது, மொட்டையாகக் கிடந்தது. கைக்கெட்டியதெல்லாம் முடிந்ததும் மகள் எழும்பப் பார்த்தாள். அவள் மடியில் கிடந்த காலை அழுத்தி, தூணடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“தம்பி, அந்த மேல் தட்டில இருக்கிறதுகளை நீர் எடுத்துத் தாரும். இந்தப் பிள்ளை எழும்பினால் என்ர கால் சுளுக்கும்.”

அவன் எடுத்தான். ஏணி வைத்து எடுத்தான். திரும்பவும் ஏறினான்.

அரை மணி ஆயிற்று. ஒரு மணியும் ஆயிற்று.

பெட்டிகள் இடுப்பளவுக்கு எழும்பின. அந்த மறைவில் மகள் தன் சப்பாத்தை மெல்லக் கழற்றி, வீங்கிய பாதத்தைக் குளிர்ந்த தரையில் பதித்தாள். கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள்.

மகளின் தலைக்கு மேலால் அவள் பார்த்தாள்.

எதிரே கைப்பைகள் தொங்கும் இடத்தில் இன்னொருத்தி நின்றாள். அதே வயது. அதே கறுப்புச் சப்பாத்து. ஒரு காலைத் தூக்கி மறுகாலில் உரசிவிட்டு, தூணடியைப் பார்த்துச் சட்டென்று கீழே வைத்தாள்.

அவன் ஏணியிலிருந்து இறங்கினான். கழுத்துப்பட்டி ஒரு பக்கம் கோணியிருந்தது. வியர்வையைத் துடைத்தான்.

“ஒண்டும் பிடிக்கேல்லையோ மேடம்?”

“பிடிக்காமலோ இவ்வளவு நேரம் இருக்கிறன்?”

அவள் மற்றக் காலையும் நீட்டினாள்.

“இந்தக் காலுக்கு, அங்க நிக்கிற அந்தப் பிள்ளையை வரச் சொல்லும்.”