நாற்காலிக் கேள்வி

முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த முதல் நாளே பேசும் குட்டிக் கருவி ஒன்றை என் காதில் மாட்டிவிட்டார்கள். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு மட்டும் அது. யாரிடமும் கேட்கக் கூசும் கேள்வியை அதனிடம் கேட்கலாம். கேட்டவர் பெயரை அது மறந்துவிடும், கேள்வியை மறக்காது.

நான் அறைக்குள் போனபோது என் நெறியாளர் அருள்மேரி ஏதோ படித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. என் அம்மா உப்பள முதலாளி முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி உதட்டுக்குள் கேட்டேன்.

"உக்காரலாமா?"

"உங்களுக்கு முன்னால நானூத்திப் பதினோரு பேர் இதையே கேட்டிருக்காங்க," என்றது கருவி. "உக்காந்ததுக்காக யாரையும் வெளிய அனுப்பல."

அப்படியும் என் கால் மடங்கவில்லை.

அருள்மேரி நிமிர்ந்து பார்த்தார். "எத்தன பேர்னு சொல்லுச்சு?"

கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் இருந்தது. "நானூத்திப் பதினோரு பேர், மேடம்."

அவர் எழுந்து வந்து நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நான் கேட்டப்ப, இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லன்னு சொல்லுச்சு. மூணு வருஷம் நின்னேன். நீ உக்காரு, இசக்கி."