பொய் ஈ

கடலெல்லாம் சுற்றிவிட்டு மனைவியோடு ஆற்றுக்குத் திரும்பியிருந்த ஸ்டீல்ஹெட் மீனுக்கு, தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைப்பு.

முழங்கால் தண்ணீரில் நின்ற ஒருவர் தூண்டிலை எதிர்க்கரைப் பக்கம் வீசி, அதன் நுனியிலிருந்த ஈயை நீரோட்டத்தோடு மெல்ல இந்தப் பக்கம் வரவிட்டார். அது மீனின் மூக்கை உரசிக்கொண்டு போனது.

"இது ஈயே இல்ல. இறகைக் கட்டி வச்சிருக்கான்," என்றது மீன்.

"தெரியுதில்ல? பேசாம இருங்க. உங்களுக்குப் பசிகூட இல்ல," என்றது மனைவி மீன்.

"பசியா முக்கியம்? என் மூஞ்சிக்கு முன்னாடியே ஒரு ஃபிராடு போய்ட்டு வருது. யாராவது கேக்க வேண்டாமா?"

ஈ மறுபடியும் வந்தது. மீன் பாய்ந்து கவ்வியது.

வாயில் முள்ளோடு கரைக்கு இழுபட்டுப் போகும்போதும் அது வெற்றிக் களிப்பில் கத்தியது: "பாத்தியாடி, நான் சொன்னேன்ல? வெறும் கோழி இறகு!"