நூறாவது சமரசம்

"கூடப் பிறந்தவனோட முகம் கொடுத்துப் பேசாதவங்க சுடுற ரொட்டியை எப்படிய்யா வரிசையில நின்னு வாங்கித் தின்னுறீங்க?"

கேட்டவரும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் மத்தியஸ்தர். எந்த வீட்டில் சண்டை என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். இதுவரை தொண்ணூற்றொன்பது சண்டைகளைச் சமரசம் செய்து வைத்திருப்பதாக அவரே சொல்லிக்கொள்வார்.

நூறாவதாக அவர் குறி வைத்தது இந்தச் சாண்ட்விச் கடை அண்ணன் தம்பியை.

நீள ரொட்டியைப் பிளந்து, பொடியாய் அரிந்து வதக்கிய கறியும் வெங்காயமும் திணித்து, மேலே சீஸை உருக்கி ஊற்றித் தருவார்கள். ஊருக்கு வந்தவர்கள் இதைச் சாப்பிடாமல் திரும்பினால் வந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே கட்டடம், நடுவில் சுவர். இந்தப் பக்கம் அண்ணன் கடை, அந்தப் பக்கம் தம்பி கடை. பத்து வருஷமாகப் பேச்சு கிடையாது. திட்டு மட்டும் உண்டு.

'பக்கத்துக் கடையில் சாப்பிட்டவர்கள் வாய் கொப்பளித்துவிட்டு வரவும்' என்று அண்ணன் போர்டு வைத்திருந்தார்.

'நாக்கு செத்தவர்கள் பக்கத்துக் கடைக்குச் செல்லவும்' என்றது தம்பியின் போர்டு.

மத்தியஸ்தர் தன் சாண்ட்விச்சை வாங்கிக்கொண்டு, பாதியைத் தின்றும் முடித்து, இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு காலிப் பெட்டியின் மேல் ஏறினார்.

"ரெண்டு பேரும் வெளிய வாங்க! தம்பி, இது உங்க அண்ணன் கையால செஞ்சது. ஊர் பார்க்க ஒரு வாய் கடிங்க. கோபமெல்லாம் பறந்துடும்!"

தம்பி வாசலுக்கு வந்தார். "தூக்கி எறிங்க சார்! அந்த ஆளு கறியா வதக்குறான்? செருப்புத் தோலை வதக்குறான்!"

"உன் ரொட்டியை எறிஞ்சா நாய்க்கு மண்டை உடையும்டா!" என்று அண்ணன் கடையிலிருந்து பதில் வந்தது.

இரண்டு வரிசையும் கைதட்டியது. யாரோ விசிலும் அடித்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் கட்டிப்பிடிக்கிற வரைக்கும் நான் இறங்க மாட்டேன். உண்ணாவிரதம்!" என்றார் மத்தியஸ்தர். கையில் மீதி சாண்ட்விச் இருந்ததால் உண்ணாவிரதத்தை யாரும் நம்பவில்லை.

ஆனால் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடி வந்து அவரைக் கையைப் பிடித்து இறக்கி, தன் கடை வழியாகவே சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே நடுச்சுவரே இல்லை. இரண்டு கடைக்கும் ஒரே சமையலறை. கட்டில் அகலத்துக்கு ஒரே இரும்புக் கல். அதில் ஒரே குவியலாகக் கறி வதங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு தம்பி வந்தார். அண்ணன் தன் துண்டால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார்.

"செருப்புத் தோல் நல்லா இருந்துச்சுடா. எப்ப யோசிச்ச?"

"இப்பதாண்ணே, வாயில வந்துச்சு. நாய் மண்டையும் பிரமாதம்."

"அப்போ சண்டை?" என்றார் மத்தியஸ்தர் ஈனஸ்வரத்தில்.

"ஒரே கடையா இருந்தப்ப ஈ ஓட்டிக்கிட்டு இருந்தோம் சார்," என்றார் அண்ணன். "ஒரு நாள் வெங்காயத்தைப் பொடியா அரியறதா நீளமா அரியறதான்னு வாசல்லயே நின்னு நிஜமாவே கத்திக்கிட்டோம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பசிச்சுப்போய் வாங்கித் தின்னுச்சு. அந்த வாரமே கடையோட முன்பக்கம் மட்டும் நடுவுல சுவர் எழுப்பிட்டோம். உங்க கால்ல விழறோம், எங்களைச் சேர்த்து வச்சுடாதீங்க. பதினாலு பேர் இங்க வேலை பார்க்கிறாங்க. அத்தனை வீட்லயும் அடுப்பு அணைஞ்சிடும்."

மத்தியஸ்தருக்குக் கண் கலங்கியது. பாசத்தைப் பார்த்த நெகிழ்ச்சி பாதி, நூறாவது கைநழுவிய துக்கம் பாதி.

"இல்லாத சண்டையை நான் எப்படிய்யா தீர்க்கிறது?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிஜச் சண்டை ஒண்ணு இருக்கு சார்," என்று தம்பி தயங்கினார். "ஒரு அம்மா மூணு மாசமா மத்தியானம் என் கடைக்குத் தனியா வந்து சாப்பிடுறாங்க. எங்க ரெண்டு கடையில எது ருசின்னு வீட்ல தகராறாம். அன்னையிலேருந்து வீட்டுக்காரரோட பேச்சே இல்லையாம்."

மத்தியஸ்தர் இருமினார். கூரையைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மாதான் சார். இப்பவும் உட்கார்ந்திருக்காங்க. ரெண்டும் ஒரே கல்லுல வதக்கினதுன்னு நீங்களே கண்ணால பார்த்துட்டீங்க. போய் ஒரு வார்த்தை பேசிடுங்க. நூறு ஆயிடும்."

மத்தியஸ்தர் தம்பி கடைக் கதவை லேசாக நீக்கிப் பார்த்தார். மனைவி தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. பாவமாகத்தான் இருந்தது அவருக்கு. ஒரு கால் வாசலைத் தாண்டியும் விட்டது.

சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரே கல்லா இருந்தா என்ன? அண்ணன் கடை ருசி தம்பி கடைக்கு வருமா? அதை ஒத்துக்கிட்டு அவ வந்து முதல்ல பேசட்டும்!"