பாதி வாரத்து வீடு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்தில், ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். இரண்டாம் மாடி வீடு திங்கள் முதல் வியாழன் வரை செங்கமலத்துக்கும் அவள் கணவன் முத்தரசுக்கும். மற்ற நாட்களில் வேறொருவருக்கு. ஊரில் இப்போது எல்லா வாடகை வீடும் அப்படித்தான். வெள்ளி வந்தால் இவர்கள் திருவெறும்பூரில் மாமியார் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

திங்களன்று கதவைத் திறந்ததும் முத்தரசு மூச்சை இழுப்பான். "வத்தக்குழம்பு! அந்தம்மாவுக்கு என்ன கைப்பக்குவம்!"

மூன்றே மாதத்தில், முகம் தெரியாத அந்தப் பெண்ணைச் செங்கமலத்துக்குப் பிடிக்காமல் போயிற்று. லீவு நாளும் ஆற்றங்காற்றும் அவளுக்கு, பாராட்டும் அவளுக்கு. ஒரு சனிக்கிழமை மதியம், குடையை மறந்துவிட்டதாகச் சாக்கு வைத்துக்கொண்டு போய் மணியடித்தாள்.

கையில் கரண்டியோடு ஓர் ஆண் கதவைத் திறந்தார்.

"வீட்டம்மா இல்லீங்களா?"

"நான் தனி ஆளுங்க. சமையல் ஆயிருச்சு, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

திருவெறும்பூர் திரும்பியதும் கணவனிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "அது அம்மா இல்லங்க, ஐயா! ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டேன்."

முத்தரசு சிரிக்கவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்.

"ஆளுக்கு என்ன வயசிருக்கும்?"