வெளிச்சம் கசியாத ஸ்கிரீன்

அவனை எல்லோரும் ‘ஸ்குரூ’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளில் ஹோம் தியேட்டர் ஸ்கிரீன் மாட்டுவது அவன் தொழில். மாட்டிய வீட்டில் ஆள் இல்லாத நாளாகப் பார்த்துத் திரும்பிப் போய்க் கை வைப்பது உபதொழில். இரண்டிலும் சுத்தமான வேலை. இதுவரை போலீஸ் கண்ணில் பட்டதே இல்லை.

அன்று அவன் கடைக்கு வந்த மூக்குக்கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஹோம் தியேட்டருக்கு ஸ்கிரீன் வேண்டுமாம். எந்தப் புரொஜெக்டர் என்று கேட்டால் திருதிருவென்று விழித்தார்.

“அதெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்ப்பா. முதல்ல ஸ்கிரீனைக் காட்டு.”

மாப்பிள்ளை பார்க்காமலே மண்டபம் பிடிக்கிற ஆள் போலிருக்கிறது! ஸ்குரூ பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

“சார், ஸ்கிரீனோட அடிவிளிம்பு முழங்கால் உயரத்துல நிக்கணும். அப்பதான் உக்காந்து பாக்கறப்போ கழுத்து வலிக்காது.”

“தரை வரைக்கும் வரணும்.”

“தரையில யாரு சார், எறும்பா படம் பாக்கப்போகுது?”

“தரையைத் தொடணும்ப்பா. அவ்வளவுதான்.”

அடுத்து, பொடிப்பொடியாகத் துளை போட்ட ஸ்கிரீனை விரித்தான். ஸ்பீக்கரை அதற்குப் பின்னால் வைத்தால், திரையில் பேசுகிறவர் வாயிலிருந்தே குரல் வருவதுபோல இருக்கும். கண்ணாடிக்காரர் பதறிப்போனார்.

“பின்னாடி இருக்கறது வெளியே தெரியுமா?”

“தெரியாது சார். பின்னாடி லைட் எரிஞ்சா மட்டும் லேசா கசியும்.”

“ஐயய்யோ, வேண்டவே வேண்டாம்!”

வெள்ளையா, சாம்பல் நிறமா என்று கேட்டதற்கு, “ஏதோ ஒண்ணு” என்றார். படம் பளிச்சென்று தெரியுமா என்று மருந்துக்குக்கூடக் கேட்கவில்லை. கடைசியில் அவர் எடுத்தது, முதுகில் கெட்டியான கறுப்புத் துணி ஒட்டிய, பட்டனை அமுக்கினால் ஏறி இறங்குகிற பெரிய ஸ்கிரீன். விலையைச் சொன்னபோது தலையைக்கூடச் சொறியவில்லை. ஸ்குரூவுக்கு அப்போதே மூக்கில் வேர்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவனும் அவன் மனைவியின் தம்பியும் மாட்டப் போனார்கள். கடைத்தெருவில், இரண்டு பக்கமும் கடைகள் ஒட்டிக்கொண்டிருந்த பழைய வீடு. ஸ்கிரீன் வர வேண்டிய சுவரை மறைத்துக்கொண்டு ஒரு மர பீரோ நின்றது.

“பீரோவை நகத்திடட்டுமா சார்?”

“தொடாதீங்க!”

அவர் கத்திய கத்தலில் மச்சான் ஏணியிலிருந்து விழப் பார்த்தான். உடனே அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அது ஒண்ணுமில்ல. பீரோ பின்னாடி சுவர் கொஞ்சம் மோசம். நீங்க மேல மட்டும் மாட்டுங்க, பீரோவை நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை நாங்க வெளியூர் கிளம்பறோம், அதுக்குள்ள முடிஞ்சிடணும்.”

வேனில் ஏறியதும் ஸ்குரூ ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

“மச்சான், அந்தச் சுவத்துக்குள்ள லாக்கர் இருக்குடா! அதை மறைக்கத்தான் இவ்வளவு பெரிய துணி. சினிமாவாம், சினிமா!”

“வேணாம் மாமா. போலீஸ்ல மாட்டிக்கிட்டோம்னா குடும்பமே நாறிடும்.”

“இது ஒண்ணுதான்டா. இதை அள்ளிட்டா, அதோட இந்த வேலைக்குப் பெரிய கும்பிடு. அப்புறம் ஒழுங்கா ஸ்கிரீன் மட்டும்தான். உங்க அக்கா மேல சத்தியம்.”

“எங்க அக்கா மேல எதுக்கு? உங்க அக்கா மேல பண்ணுங்க!”

திங்கட்கிழமை காலை, கடைகள் திறக்கிற நேரம். அந்தக் கூட்டத்தில், வேலைச் சட்டை போட்டு டூல்ஸ் பையோடு போகிறவனை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? பின்சந்தில் வேனை நிறுத்தி, மச்சானைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு, பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பி ஸ்குரூ உள்ளே நுழைந்தான்.

பீரோ ஓரமாக நகர்த்தப்பட்டிருந்தது. ஸ்கிரீன் ஒரு சுருக்கமில்லாமல் தரை வரை இறங்கித் தொங்கியது. தன் வேலையைப் பார்த்து அவனுக்கே பெருமையாக இருந்தது. எங்கோ பக்கத்தில் கசமுசாவென்று பேச்சுச் சத்தம். கடைத்தெரு என்றால் அப்படித்தான் இருக்கும்.

லாக்கர் பூட்டைத் துளைக்க டிரில் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டனை அமுக்கினான். மோட்டார் முனகியது. ஸ்கிரீன் மெல்ல மெல்ல மேலே ஏறியது. பொறுக்க முடியாமல் அவன் மண்டிபோட்டுக் குனிந்து, ஆசையாக எட்டிப் பார்த்தான்.

லாக்கர் இல்லை, சுவரில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓட்டைதான் இருந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம், வழித்துத் துடைத்த நகைக்கடைக்குள், ஓர் இன்ஸ்பெக்டரும் நாலு போலீஸ்காரர்களும் அவன் முகத்தையும் கையிலிருந்த டிரில் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேஸ் முடிந்த திருப்தியில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.